நாளைக்கு நிக்குமா?

விடியற்காலை நாலரை மணிக்குள் திருச்சி காந்தி மார்க்கெட்டில் லாரிகள் சரக்கை இறக்கி முடித்திருக்கும். மொத்த வியாபாரம் ஓயத் தொடங்க, சில்லறைக் கடைக்காரர்கள் தங்கள் மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். மெஸ் நடத்துகிறவர்கள், கல்யாணச் சமையல்காரர்கள், தள்ளுவண்டிக்காரர்கள் என்று வரும் கூட்டத்தில் சில வருடங்களாக முதுகுப்பை மாட்டிய கல்லூரிப் பிள்ளைகளையும் பார்க்கலாம். அவர்கள் வாங்குவது அதிகமில்லை. இரண்டு கட்டு முருங்கைக்கீரை, கொஞ்சம் கறிவேப்பிலை, ஜூஸ் கடையில் கேட்டு வாங்கிய மாதுளைத் தோல். எதுவும் சமையலுக்கு இல்லை. எல்லாம் ஆய்வேட்டுக்கு.

நான் திருச்சியில் வேதியியல் கற்பிக்கிறவன். ஒருநாள் என் மாணவி ஒருத்தியோடு அங்கே போயிருந்தேன். வழக்கமாக அவளுக்குக் கீரை கொடுக்கும் அம்மா ஈரச் சாக்கை விலக்கிக்கொண்டே கேட்டார்: "எதுக்குப் பாப்பா வாரா வாரம் இவ்ளோ கீரை?"

"இதக் கொதிக்க வெச்சு வடிகட்டி, வெள்ளி உப்பு கரைச்ச தண்ணியில ஊத்துவோம்க்கா. கண்ணுக்கே தெரியாத அளவுல வெள்ளித் தூள் உண்டாகும். கிருமியெல்லாம் அதுல செத்துப்போகும்."

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்ப அந்தத் தண்ணியத் தெளிச்சா கீரை நாளைக்கு நிக்குமா?"

மாணவி என்னைப் பார்த்தாள். "இன்னும் தெரியலம்மா" என்றேன். வாய்மொழித் தேர்வுகளில் எத்தனையோ பேராசிரியர்கள் எத்தனையோ கேள்விகள் கேட்டு நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

மாணவி சொன்ன விளக்கத்தில் பிழையில்லை. வெள்ளி நைட்ரேட் கரைசலுக்கு நிறம் கிடையாது. இலைச் சாற்றைச் சேர்த்துச் சற்று நேரம் விட்டால் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். சாற்றிலுள்ள பாலிபீனால் போன்ற பொருள்கள் வெள்ளி அயனிகளுக்கு எலக்ட்ரானைக் கொடுத்து உலோகமாக்குகின்றன. அவையே துகளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, துகளோடு துகள் ஒட்டாமலும் காக்கின்றன. அத்தனை சிறுத்துப்போன வெள்ளியின் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அசைந்து நீல ஒளியை விழுங்கிவிடுவதால் மிச்சம் நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது. 1857இலேயே மைக்கேல் ஃபாரடே தங்கத்தை இப்படிச் சிறுக்கவைத்து மாணிக்கச் சிவப்பில் கரைசல் கண்டவர். வேப்பிலைச் சாற்றைக் கொண்டு வெள்ளியும் தங்கமும் செய்யலாம் என்று 2004இல் எழுதியது புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முரளி சாஸ்திரி குழு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இன்று கொதிக்கும் இலைச் சாறுகளுக்கெல்லாம் அது முன்னோடி.

சிறுத்தால் ஏன் குணம் மாறுகிறது என்பதை வகுப்பில் மிளகை வைத்துத்தான் சொல்வேன். முழு மிளகை ரசத்தில் போடுவதும் தட்டிப் போடுவதும் ஒன்றா? தட்டும்போது புதுப் பரப்பு திறக்கிறது. பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள வெள்ளிக் கட்டிக்கு வெளிப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் கட்டிகளாக நறுக்க முடிந்தால் மொத்தப் பரப்பு 6,000 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். ஒரு தலைமயிரின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் அந்த நறுக்கின் அளவு புரியும். அந்தப் பரப்பிலிருந்து கசியும் வெள்ளி அயனிகள்தான் பாக்டீரியாவின் சவ்வையும் புரதத்தையும் குலைக்கின்றன.

மத்திய அரசு 2007இல் நானோ மிஷனை ஐந்தாண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாயோடு தொடங்கியது. அதன் பிறகு கட்டுரைகள் பெருகின. தும்பையில் ஒன்று, துத்தியில் ஒன்று, வெங்காயத் தோலில் ஒன்று. 'இலைகள் உள்ளூர்ச் சந்தையில் வாங்கப்பட்டன' என்று செய்முறைப் பகுதியில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரிதான் சந்தைக்கு அதில் உள்ள இடம். இந்த வேலையை நான் குறைத்துப் பேசமாட்டேன். துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அந்த மாணவி, தன் மாதிரியைக் கூரியரில் தூரத்து ஊருக்கு அனுப்பி, மின்னணு நுண்ணோக்கிக்குக் கைக்காசு கட்டி, ஒரு மாதம் காத்திருந்து, கடைசியில் படத்தில் கரும்புள்ளிகளைக் கண்டபோது அழுதுவிட்டாள். தன் கையால் செய்ததைத் தன் கண்ணால் பார்ப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தப் படத்தோடு நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம். பாக்டீரியா வளர்ந்த தட்டில் துகளைச் சுற்றித் தெளிந்த வட்டத்தை அளந்துவிட்டு, மருத்துவத்திலும் வேளாண்மையிலும் உணவுப் பாதுகாப்பிலும் 'பயன்படக்கூடும்' என்று முடிக்கிறோம். அந்தக் 'கூடும்' என்ற சொல்லை எத்தனை ஆய்வேடுகளில் கையெழுத்திட்டு அனுமதித்திருக்கிறேன் என்று அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தேன்.

கீரைக்கார அம்மாவுக்கு 'நிக்கும்' என்று சொல்ல என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? இலையில் எவ்வளவு வெள்ளி ஒட்டும், கழுவினால் எவ்வளவு போகும், வெந்த பிறகு எவ்வளவு வயிற்றுக்குள் போகும் என்று தெரிய வேண்டும். கழுவிய தண்ணீர் சாக்கடை வழியே போகும். மண்ணில் நமக்கு உழைக்கும் பாக்டீரியாவையும் வெள்ளி விட்டுவைக்காது. இதில் எதையும் நாங்கள் அளந்திருக்கவில்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கீரை பதினோரு மணிக்கு வாடுவது கிருமியால் இல்லை. வேரிலிருந்து பிரிந்த இலை நீரை இழக்கிறது, வெயில் அதை விரைவுபடுத்துகிறது. அந்த அம்மாவின் ஈரச் சாக்கு நீரை ஆவியாக விட்டு வெப்பத்தை எடுக்கிறது. இலையைச் சுற்றி ஈரக் காற்றையும் நிறுத்துகிறது. நோய் எது என்று சரியாகக் கண்டவர் அவர். நாங்கள் வேறொரு நோய்க்கு மருந்து தயாரித்துக்கொண்டிருந்தோம்.

இழப்பு கொஞ்சநஞ்சமில்லை. லூதியானாவில் உள்ள அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப மத்திய நிறுவனம் 2015இல் வெளியிட்ட கணக்குப்படி தக்காளியில் நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேலும், கொய்யாவில் ஏறக்குறைய பதினாறும் அறுவடைக்கும் சாப்பிடுகிறவருக்கும் நடுவே வீணாகின்றன. மதியம் மார்க்கெட்டின் குப்பை மேட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் தேவைப்படாது.

இதற்கு வழி தேடியவர்கள் இல்லாமலில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நானோ துறையில் கே.எஸ். சுப்ரமணியனும், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் ஜெயசங்கர் சுப்ரமணியனும் ஹெக்ஸனால் என்ற பொருளை எடுத்துக்கொண்டார்கள். புல்லை அரிந்ததும் ஒரு பச்சை வாசனை எழுமே, அதில் இருப்பது இது. செடிகள் தாமாகவே உண்டாக்குவது. பழம் கனியும்போது அதன் செல் சவ்வைச் சிதைக்கும் ஒரு நொதியை இது தடுக்கிறது. இதை நானோ அளவுத் துளிகளாக நீரில் பரப்பித் தெளித்தபோது, மாங்காய் மரத்திலேயே கூடுதலாக இரண்டு மூன்று வாரம் நின்றது. இலங்கையின் தொழில்நுட்ப நிறுவனம் வாழை நாரில் இதை ஏற்றிப் பழம் பொதியும் உறை செய்து பார்த்தது. வாழைக்கு இந்த மண்ணில் உள்ள இடத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. தொட்டியத்துப் பூவனும் ஏலக்கியும் வந்து இறங்கும் ஊர் இது. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் இங்கேதான் இருக்கிறது. மண்டிக்காரர் ஒருவரிடம் ஹெக்ஸனாலை விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தாருக்கு எவ்வளவு ஆகும் சார்? யாரு கொண்டாந்து தருவாங்க?" என்றார். அவருடைய இரண்டு கேள்விகளுக்கும் கட்டுரைகளில் இடமே இல்லை.

கேட்காமல் கட்டிக்கொடுப்பதால் என்ன ஆகும் என்பது இந்த மார்க்கெட்டுக்கு நன்றாகத் தெரியும். மதுரை சாலையில் கள்ளிக்குடியில் 77 கோடி ரூபாய் செலவில் குளிர்பதன வசதியோடு புது வணிக வளாகம் 2017இல் திறக்கப்பட்டது. தூரம் என்று வியாபாரிகள் போகவில்லை. 2020இல் கொரோனா வந்தபோது ஜி கார்னர் மைதானத்துக்குப் போய் மாதக்கணக்கில் வெயிலிலும் சேற்றிலும் நின்று விற்றார்கள். பிறகு பழைய இடத்துக்கே திரும்பினார்கள்.

ஒரு கண்டுபிடிப்பு அவசரப்பட்டுச் சந்தைக்கு வருவதும் எனக்குக் கவலை தருகிறது. உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ 2021 மே 31 அன்று நானோ யூரியாவை அறிமுகப்படுத்தியது. அரை லிட்டர் பாட்டில் ஒரு 45 கிலோ மூட்டைக்கு ஈடு என்றார்கள். லால்குடிப் பக்கம் விவசாயம் செய்யும் என் மாமா பாட்டிலைக் காட்டி, "மாப்ளே, நீ படிச்சவன், இது நெசமா?" என்றார். அப்போதைய பாட்டிலில் நைட்ரஜன் நூற்றுக்கு 4, அதாவது 20 கிராம். மூட்டையில் நூற்றுக்கு 46, அதாவது 20 கிலோவுக்கு மேல். ஆயிரத்தில் ஒரு பங்கு. மூட்டை யூரியாவில் பாதிக்கு மேல் வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும், இலை வழியே ஒரு துளிகூடச் சிந்தாமல் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், கணக்கு நேராகவில்லை. 11,000 விவசாயிகளின் வயல்களில் சோதித்ததாகவும் மகசூல் சராசரியாக நூற்றுக்கு 8 கூடியதாகவும் நிறுவனம் சொல்கிறது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் இரண்டாண்டு வயலில் பார்த்தபோது, கோதுமை மகசூல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது, நெல்லும் குறைந்தது. மாமாவிடம் மூட்டையை விட்டுவிடாதீர்கள் என்றேன். ஒரு போகம் தவறினால் நஷ்டப்படப்போவது ஆராய்ச்சியாளன் அல்ல.

சரியாக நடந்த இடத்தையும் சொல்ல வேண்டும். சென்னை ஐஐடியில் டி. பிரதீப், தங்க, வெள்ளி நானோ துகள்கள் தண்ணீரிலுள்ள பூச்சிமருந்தைச் சிதைப்பதை 2003 வாக்கில் கண்டார். 2007இல் அது வீட்டுச் சுத்திகரிப்புக் கருவிக்குள் வந்துவிட்டது. அடுத்து இரும்பின் நானோ அமைப்பால் ஆர்சனிக்கை வடிகட்டும் முறையை உண்டாக்கி, மேற்கு வங்கம் போன்ற இடங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நல்ல தண்ணீர் கிடைக்கச் செய்தார்கள். அவர் முதலில் தண்ணீரைப் பார்த்தார், குடிக்கிறவரைப் பார்த்தார். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஆர்சனிக் என்ற எல்லை முன்னால் இருந்தது. கீழே வந்ததா இல்லையா என்று யாரும் அளந்து பார்க்கலாம். 'கூடும்' என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லை.

காந்தி மார்க்கெட்டுக்கு அப்படி ஒன்று வேண்டும் என்றால் அது காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறந்தவரிடமிருந்தே வரலாம். சி.வி. ராமன் பிறந்தது திருவானைக்காவலில், 1888 நவம்பர் 7. அவர் கண்ட விளைவில், சிதறும் ஒளித்துகள்களில் ஏறத்தாழ ஒரு கோடிக்கு ஒன்றுதான் மூலக்கூறின் அடையாளத்தைச் சுமந்து வருகிறது. 1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் சொரசொரப்பான வெள்ளியின் மேல் அந்தச் சமிக்ஞை வியப்பூட்டும் அளவு வலுத்துத் தெரிந்தது. வெள்ளியின் நுண்ணிய மேடுபள்ளங்கள் ஒளியைக் குவித்துப் பெருக்குகின்றன என்பது பின்னால் விளங்கியது. 2010இல் சீனாவின் சியாமென் பல்கலைக்கழகக் குழு, சிலிக்கா உறை போர்த்திய தங்கத் துகள்களை ஆரஞ்சுத் தோலில் தூவி, கையில் எடுத்துச் செல்லும் கருவியால் பாரத்தியான் பூச்சிமருந்தைக் கண்டுகாட்டியது. கீரையின் ஆயுள் ஒரு பகல்தான். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வருவதற்குள் கீரை வெந்து, தட்டில் விழுந்து, தின்றும் முடிந்திருக்கும். கீரையில் பூச்சிமருந்து மிஞ்சியிருக்கிறதா என்று சில நிமிடங்களில் பதில் சொல்லும் சோதனை ஒன்று மண்டி வாசலில் இருந்தால், தூவிய துகளை யாரும் தின்ன வேண்டியதில்லை. மாதிரிக்கு எடுத்த ஓர் இலையோடு அது போய்விடும். தங்கத்துக்குப் பதில் எங்கள் மாணவர்கள் செய்யும் வெள்ளியையும் அதில் சோதித்துப் பார்க்கலாம். என் துறையில் இதைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த மாணவி இந்த வருடம் தன் தலைப்பை மாற்றிக்கொண்டாள். வெள்ளியை எடுப்பதற்கு முன்னால் கீரையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள். வாரத்தில் இரண்டு நாள் நாலரை மணிக்கே வந்துவிடுகிறாள். சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று, சாக்குக்கு அடியில் செருகிய வெப்பமானி ஒன்று. அரை மணிக்கு ஒருமுறை ஒரே கட்டை எடைபோட்டு நோட்டில் எழுதுகிறாள். முதலில் வழியை அடைக்கிறாள் என்று சுமை தூக்குகிறவர்கள் சத்தம் போட்டார்கள். இப்போது அந்த அம்மாவே வாளியை நகர்த்தி, உட்கார ஒரு சாக்கை மடித்துப் போட்டு வைத்திருக்கிறார். பதினோரு மணிக்குக் கூட்டம் குறைந்ததும் எட்டிப் பார்த்துக் கேட்கிறார்:

"இன்னிக்கு எவ்ளோ கொறஞ்சுது பாப்பா?"