புண்பட்டவர் யார்?

"கலைஞனின் கைக்கு விலங்கா?" என்று சீறுகிறார்கள் ஒரு சாரார். "கண்கூசும் படங்களைக் கடைவீதியில் தொங்கவிடுவதா?" என்று கொதிக்கிறார்கள் மறுசாரார். மேலைநாட்டு ராக் இசைத்தட்டுகளின் உறைப்படங்கள் குறித்து அறுபது ஆண்டுகளாக ஓயாத வழக்கு இது. வரைந்தவன் உரிமை பேசப்படுகிறது; பார்ப்பவன் கூச்சம் பேசப்படுகிறது. படத்தில் இருப்பவரைப் பற்றிக் கேட்பார் சிலரே. நாம் கேட்போம்.

1968-ஆம் ஆண்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 'பெக்கர்ஸ் பேங்க்வெட்' என்னும் இசைத்தட்டின் உறைக்காக, கிறுக்கல் நிறைந்த கழிப்பறைச் சுவரொன்றின் படத்தைத் தந்தனர். டெக்கா நிறுவனம் மறுத்தது. அழைப்பிதழ் போன்றதோர் எளிய உறையில் தட்டு வெளிவந்தது. அந்தப் படத்தால் எவருக்குக் கேடு? சுவருக்கா? முகஞ்சுளிப்பு ஒரு காயமன்று. நாகரிக சமுதாயம் அதைத் தாங்கும்.

அதே ஆண்டில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், தம் 'எலக்ட்ரிக் லேடிலேண்ட்' தட்டுக்கு, குழந்தைகளுடன் தம் குழுவினர் அமர்ந்திருக்கும் படத்தை விரும்பினார். பிரிட்டனில் வெளியிட்ட நிறுவனமோ 19 பெண்களின் ஆடையற்ற படத்தை அச்சிட்டது. அவர் அதை ஏற்கவில்லை. கலையுரிமை என்னும் கொடி அங்கே எவர் கையில் இருந்தது? கலைஞன் கையிலன்று, வணிகன் கையில்! எனவே, அச்சொல்லைக் கேட்டதுமே தலைவணங்க வேண்டியதில்லை. சொல்பவர் யாரெனப் பார்த்தல் வேண்டும்.

1976-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், ரோலிங் ஸ்டோன்ஸின் 'பிளாக் அண்ட் ப்ளூ' தட்டுக்காக மாபெரும் விளம்பரப் பலகை எழுந்தது. அதில் கயிற்றால் கட்டுண்டு, உடல் கன்றிய பெண்ணொருத்தி! அக்குழுவினரால் கன்றிப்போனதாகவும், அதைத் தான் விரும்புவதாகவும் அவளே கூறுவதுபோல் வாசகம்!

"அவள் விளம்பர அழகி, தழும்போ வெறும் பூச்சு, யார் அடித்தார்?" என்பர். மெய்தான். ஆயினும் அந்த வாசகம் யாருடையது? மனைவியை அடிப்பவன் காலங்காலமாகச் சொல்லிவரும் சாக்கு அது. அதை அடிபட்டவள் வாயிலேயே ஏற்றி, ஊரறிய உயர்த்தியதே குற்றம். கழிப்பறைச் சுவர் எவர் பெயராலும் பொய்ச்சாட்சி கூறவில்லையே!

பெண்கள் திரண்டனர், பலகை இறங்கிற்று. அத்துடன் அவர்கள் ஓயவில்லை. பெண்கள் மீதான வன்முறையை அழகாக்கும் உறைகளை எதிர்த்து, வார்னர் குழுமத்தின் தட்டுகளை வாங்காதீர் என்று கிளர்ச்சி நடத்தினர். 1979-இல் அக்குழுமம் அத்தகைய படங்களுக்கு எதிரான கொள்கையை அறிவித்தது. தணிக்கையாளரின் கத்தரிக்கோல் வென்ற கதையன்று இது. எவர் வாயில் பொய் ஏற்றப்பட்டதோ, அவர்களே வாய்திறந்து பேசி வென்ற கதை!

பார்ப்பவர் கூசுகிறாரா என்பது ஒழுக்கக் காவலரின் அளவுகோல். பார்க்கப்படுபவர்மீது பொய் சுமத்தப்படுகிறதா என்பது நாம் ஏந்தும் அளவுகோல். கூச்சந்தான் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், குற்றம் ஏதுமில்லை. பொய் என்றால், திருப்பிக்கொண்ட முகமும் அதற்குத் துணையே!