யார் செய்த குற்றம்?

கருக்குழாய் அடைப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. மாதவிலக்கு தவறாமல் வரும். சிலருக்கு அடிவயிற்றில் மந்தமான வலி; குழாயில் நீர் கோத்துக்கொண்டால் வெள்ளைப்படுதல்; அவ்வளவே. மணமாகி ஆண்டுகள் பல கடந்தபின், மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படத்தில்தான் பலருக்கு உண்மை தெரிகிறது. ஊரார் அந்தப் படத்துக்காகக் காத்திருப்பதில்லை. வளைகாப்பு வீட்டில் அவளை வளையல் இட அழைக்காமல் ஒதுக்கும்போதே தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது.

ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள இக்குழாய்களை 1561-இல் வெளிவந்த தம் நூலில் நுட்பமாக விவரித்தவர் இத்தாலியரான ஃபலோப்பியோ. அவர் மொதேனாப் பேராலயத்தில் திருச்சபைப் பதவி வகித்தவர் என்பதில் எனக்குச் சிறு பெருமை உண்டு. முட்டையும் விந்தணுவும் கூடுவது கருப்பையில் அன்று, இக்குழாயில்தான். நோய்த்தொற்று அதன் உட்சுவரைத் தழும்பாக்கினால் வழி மூடிக்கொள்கிறது. பாதி மூடினால் கரு குழாயிலேயே தங்கிவிடலாம். குழாய் வெடித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து.

அத்தொற்று எங்கிருந்து வந்தது? நம் நாட்டில் காசநோய் ஒரு முக்கிய காரணம். முந்தைய கருச்சிதைவுக்குப்பின் வந்ததாயிருக்கலாம். கணவன் கொண்டுவந்த பால்வினை நோயாகவும் இருக்கலாம். கொடுத்தவன் பந்தியில் முதலாவதாக அமர்கிறான். பெற்றவள் 'மலடி' எனப் பெயர் சுமக்கிறாள்.

1978-இல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் பிறந்த லூயிஸ் பிரவுனின் தாய்க்கும் இவ்வடைப்பே இருந்தது. அக்குழந்தையை உலகுக்குத் தந்த சோதனைக்குழாய் முறையை 1987-இல் வெளியிட்ட ஏட்டில் நம் திருச்சபை ஏற்கவில்லை. குழந்தை கொடையே, உரிமை அன்று என்றது. அப்போதனையை நான் ஏற்கிறேன். ஆனால் குழந்தை கொடை என்றால், அதைப் பெறாதவள் தண்டிக்கப்பட்டவள் அல்லள் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறதே! முதற்பாதியைச் சொல்லும் நாம் மறுபாதியை எத்தனை மறையுரைகளில் சொல்லியிருக்கிறோம்?

பல ஆண்டுகளுக்குமுன் ஒரு பெண் என்னிடம் வந்தார். "நம்பிக்கையோடு நவநாள் செய்யுங்கள், பலன் கிடைக்கும்" என்றேன். "அப்படியானால், இதுவரை பலன் இல்லாதது என் நம்பிக்கைக் குறைவாலா, சாமி?" என்று கேட்டார். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். கோவிலில் மனங்கசந்து மன்றாடிய அன்னாவைக் குடிவெறியள் என்று எண்ணிய குரு ஏலி, அவள் விளக்கியதும் தம்மைத் திருத்திக்கொண்டு, ஆசி கூறி அனுப்பினார். எனக்கு உண்மை விளங்குவதற்குள் அப்பெண்ணின் குடும்பம் வேற்றூருக்குப் போய்விட்டது.