உடன் காண்பவன்
(வத்தலக்குண்டில் நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



நாள்தோறும் பொழுது புலர நாம் கண் விழிக்கின்றோம். விழித்த கண் பகல் முழுவதும் திறந்தே இருக்கின்றது. ஆயினும், இரவில் படுக்கைக்குச் செல்லுங்கால் "இன்று என்ன கண்டாய்?" என்று ஒருவர் வினவுவாராயின், நம்மிற் பலர் விடைகூற மாட்டாது விழிப்போம். உண்டது உண்டு, நடந்தது உண்டு, பேசியதும் உண்டு. கண்டது மட்டும் இல்லை. வாழ்நாளாவது இத்தகைய பகல்களின் தொகுதியே ஆதலின், ஒரு பகலைக் காணாது கழித்தவன் தன் ஆயுளில் அவ்வளவையும் வாழாது கழித்தவனாவன். இவ்விழப்புப் பொருளிழப்பினும் பெரிது. இழந்த பொருள் ஒருகால் மீளும். இழந்த பகல் மீளாது. ஆகலின், நாட்கடனாய் நிகழும் சிறு நிகழ்ச்சிகளிலே பொருளும் அழகும் காண்பது எங்ஙனம் என்பதனைச் சித்தாந்த நெறிநின்று சிறிது ஆராய்வோம்.

உயிருக்கு நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என ஐந்து அவத்தைகள் உண்டென்பது நம் நூற்றுணிபு. சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் எனப்படுவன இவையே. நனவில் 35 கருவிகள் தொழிற்படும். கனவில் ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் ஓய, 25 நிற்கும். பின்னர் முறையே மூன்றும் இரண்டும் ஒன்றுமாய்க் குறையும். இவ்வெண்களை மாணாக்கர் நெட்டுருச் செய்வர். அதனினும் நாம் கருத வேண்டுவது, நனவினுள்ளேயும் இவ்வைந்து நிலைகள் உண்டென்று நம் ஆசிரியர்கள் பகுத்துக் காட்டிய நுட்பமாம். கண் திறந்திருக்கவும், எதிர்வந்த நண்பனை அறியாது செல்கின்றோம். அவன் அழைத்தபின் திடுக்கிட்டு நின்று, சிறிது சிறிதாக நினைவு கூடப்பெற்று, இன்னான் என்று தெளிகின்றோம். அச்சிறு பொழுதினுள் நம் உயிர் உறக்கத்தினின்றும் நனவிற்கு ஏறி வந்துவிட்டது. உடம்பு விழித்திருக்க உயிர் உறங்குதல் கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. பகலெல்லாம் கண் திறந்திருந்தும் ஒன்றும் காணாமைக்குக் காரணம் இதுவே.

இவ்வத்தலக்குண்டு காட்சிக்குக் குறைவில்லாத ஊர். மேற்கே பழனிமலைத் தொடர். மலைநீர் கொணரும் மஞ்சளாறு. தென்னையும் வாழையும் நெல்வயலும். அகத்தியிற் படர்ந்த வெற்றிலைக் கொடிக்கால். ஊர்ப்பெயரையே வெற்றிலையோடு இயைத்துக் காரணங் கூறுவாரும் உளர். கொடைக்கானலுக்குச் செல்வார் பலர் இவ்வூர்ப் பேருந்து நிலையத்திலே வண்டிக்குக் காத்து நிற்பர். மலையழகு காண நெடுந்தொலைவு வந்தவர்கள் அவர்கள். அம்மலையோ எதிரிலே மாலை வெயிலில் நீலமாகிப் பின் கருநீலமாகி நிறம் மாறிக்கொண்டிருக்கும். அவர்கள் தலைகவிழ்ந்து கைப்பேசியில் அதே மலையின் படத்தைப் பார்த்து நிற்பர். அவர்களை நகையாடுதற்கு இதனைக் கூறவில்லை. நம்மிற் பெரும்பாலோர் வாழ்க்கை முழுவதும் அவ்வாறே நிற்கின்றோம். எதிர் நிற்பதனை விடுத்து, இனி ஏறப்போவதனையே எண்ணி நிற்கின்றோம்.

இவ்வூரிற் பிறந்த ஒருவர் தம் எதிர் நின்றதனை நன்கு கண்டவர். 1872-ஆம் ஆண்டில் ஈண்டுத் தோன்றிய பி. ஆர். ராஜமையரே அவர். அவர் 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி என்னும் இதழில் எழுதிவந்த கமலாம்பாள் சரித்திரம் தமிழில் எழுந்த முதல் நாவல்களுள் ஒன்று. சிறுகுளம் என்னும் சிற்றூரின் கதை அது. அதன்கண் அரசருமில்லை, போருமில்லை. பெண்டிர் ஒருங்கு கூடி வம்பளத்தலும், தமிழாசிரியர் ஒருவரின் வேடிக்கையும், கணவனும் மனைவியும் ஊடிக் கூடுதலுமே உள்ளன. எழுதத் தொடங்கியபோது ஆசிரியர்க்கு ஆண்டு இருபத்தொன்று. யாவரும் கண்டும் காணாது செல்லும் இச்சிறு பொருள்களை அவர் கூர்ந்து நோக்கினமையால், நூறாண்டு கடந்தும் அத்தெருவின் அரவம் நம் காதில் விழுகின்றது. அக்கதையின் தலைவர் செல்வமும் மகவும் இழந்து, மனைவிமேலும் ஐயுற்று மனமுடைந்து, இறுதியிற் குருவருளால் அமைதி எய்துகின்றார். ஊர்வம்பை அத்துணை உவகையோடு வரைந்த கையே அவ்வமைதியையும் வரைந்தது. ஒன்றனைக் காணும் கண்ணே மற்றதனையும் காணும் என்பது இதனாற் பெறப்படும்.

பின்னர் 1896-இல் சென்னையில் தொடங்கிய ஆங்கிலத் திங்களிதழ் ஒன்றிற்கு அவர் ஆசிரியரானார். பிரபுத்த பாரதம் என்பது அதன் பெயர். விழித்தெழுந்த பாரதம் என்பது பொருள். 1898-ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் இருபத்தாறாம் அகவையில், அவர் மறைந்தார். எழுபதாண்டு இருந்தாரும் காணாதன பலவற்றை அவர் அச்சிறு வாழ்நாளிற் கண்டு சென்றார். ஆயுளின் அளவு ஆண்டினால் அமைவதன்று போலும்.

ராஜமையர் ஒழுகியது வேதாந்த நெறி. அந்நெறியாருள் ஒருசாரார் உலகினைக் கனவு என்பர். அற்றேல், கனவிற் கண்ட பொருளைக் கூர்ந்து நோக்குதலால் வரும் பயன் யாது எனின், கூறுதும். சித்தாந்தம் உலகினைப் பொய்யென்று தள்ளுவதில்லை. உடம்பும், கருவிகளும், உலகமும், நுகர்பொருளும் ஆகிய நான்கும் மாயையினின்றும் இறைவனால் உயிர்களின்பொருட்டு ஆக்கித் தரப்பட்டன. ஆணவ இருளிற் கிடக்கும் உயிருக்கு, கதிரவன் எழுங்காறும் கைக்கொண்டிருக்கத் தந்த விளக்குப் போல்வன அவை. விளக்கினைப் பொய்யென்று வீசுதல் தந்தவனுக்குச் செய்யும் நன்றியன்று. விளக்கினையே கதிரவன் என்று மயங்குதலும் அறிவுடைமையன்று. கனவு என்று இகழத்தக்கது உலகமன்று. யான் எனது என்னும் செருக்கினால் உலகின்மீது நாம் நெய்து போர்த்திய திரையேயாம். ஆயினும், இரு நெறியாரும் ஒன்றில் உடன்படுவர். விழித்தல் வேண்டும் என்பது இருவர்க்கும் ஒக்கும்.

இனி, விழித்துக் காண்டல் எத்தன்மைத்து என்பதனை மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் 11-ஆம் சூத்திரத்தில் விளக்கியருளினார். கண் தானே காணவல்லதன்று. ஒளி இருந்தும், உயிர் உடன் நின்று காட்டினாலன்றி அது காணாது. காட்டுகின்ற உயிர் காட்டியதோடு அமையாது, கண்ணோடு உடன்நின்று தானும் காண்கின்றது. அதுபோலவே உயிரும் தானே அறியவல்லதன்று. இறைவன் அதற்குக் காட்டுகின்றான்; காட்டி அதனோடு உடன் நின்று தானும் காண்கின்றான். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இவ்விரண்டனையும் நம் உரையாசிரியர்கள் பெயரிட்டு விளக்குவர்.

இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குமின். மழை ஓய்ந்த காலைப்பொழுதில் வாழையிலையின்மேல் ஒரு நீர்த்துளி உருள்வதனை நீவிர் காண்கின்றீர். அருகில் யாரும் இல்லை. தனித்துக் கண்டோம் என்று நினைக்கின்றீர். தனித்துக் கண்டதில்லை. அதனைக் காட்டியவன் ஒருவன் உளன். நும்மொடு உடன் கண்டவனும் அவனே. குழந்தையைத் தோளிற் சுமந்து திருவிழாக் காட்டும் தந்தை, தேரைக் குழந்தைக்குக் காட்டுகின்றான், தானும் காண்கின்றான், குழந்தை மகிழ்வது கண்டு அதனினும் மகிழ்கின்றான். சிறு பொருள்களில் அழகு தோன்றும் இடம் அதுவே. நீர்த்துளி நேற்றும் உருண்டது. நேற்றைக்கு அது வெறுந்துளி. உடன் காண்பவனை உணர்ந்த இன்றைக்கு அது கொடை.

இதற்கு இலக்கியம் ஆனாய நாயனார். மேல்மழநாட்டு மங்கலவூரில் ஆனிரை மேய்த்தல் அவர் தொழில். கார்காலத்து ஒருநாள், வழக்கம்போல் ஆநிரையோடு காடு சென்றார். ஆங்கே ஒரு கொன்றை பூத்து மாலை மாலையாய்த் தொங்கக் கண்டார். கொன்றை கார்காலத்திற் பூப்பது புதுமையன்று. இடையர் எத்துணையோ பேர் அம்மரத்தடியில் மாடு மேய்த்திருப்பர். இவரோ கொன்றைமாலை அணிந்த பெருமானையே அதன்கட் கண்டு நின்றார், உருகினார், குழலெடுத்து ஐந்தெழுத்தினை இசைத்தார். அசைபோட்ட ஆக்கள் அசை மறந்தன. பால் பருகிய கன்றுகள் பருகல் ஒழிந்தன. பகைகொண்ட விலங்குகளும் பகை மறந்து அருகு நின்றன. இறைவன் விடைமேல் தோன்றினான். சேக்கிழார் பெருமான் உரைத்த இவ்வரலாற்றில் ஆனாயர் தவஞ்செய்யக் காடு சென்றார் என்பதில்லை. வேலைக்குச் சென்றார். வேலைக்குச் சென்ற இடத்தில் கண்டார். பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தன் நிறமாகக் கொள்வதுபோல, உயிர் தான் அழுந்திய பொருளின் தன்மையாய் நிற்கும் இயல்பினது. அழுந்தாது பார்த்தால் கொன்றை மரம்; அழுந்திப் பார்த்தால் சிவம்.

அவர் அசையாது நின்ற நிலை, புறத்தே நின்று நோக்குவார்க்குக் கனாக் காண்பான் நிலைபோலத் தோன்றும். அற்றேல், வேலையை விட்டு வெறுங்கனாக் காணும் சோம்பற்கும் இதற்கும் வேற்றுமை யாது எனின், அதற்கு விடை பூசலார் நாயனார். திருநின்றவூரில் வாழ்ந்த அவர் கோயில் எடுக்கப் பொருள் பெறாது, மனத்திலே எடுக்கத் துணிந்தார். துணிந்தவர் நினைத்த மாத்திரத்தில் முழுக்கோயிலையும் தோற்றுவித்துக்கொள்ளவில்லை. நிதி சேர்த்தார், தச்சரைத் தேடினார், நாட்பார்த்து அடிநிலை இட்டார், படைபடையாக உயர்த்தினார், சிகரம் அமைத்தார், சுதை பூசினார், கிணறும் மதிலும் குளமும் வகுத்தார். மனத்துக் கட்டிய கோயிலிலும் ஒரு கல் இடந்தவறவில்லை. அதனாலன்றோ காடவர் கோமான் காஞ்சியில் எடுத்த கற்றளிக்குக் குறித்த நாளை மாற்றும்படி இறைவன் அவன் கனவில் எழுந்தருளிப் பணித்தான்! வெறுங்கனாக் காண்பவன் எதனை நினைப்பினும் இறுதியில் தன்னையே கண்டுகொண்டிருப்பான். பூசலார் கண்டதில் பூசலார் இல்லை, கோயிலே உண்டு. இதுவே வேற்றுமை.

"இவையெல்லாம் ஓய்வுடையார்க்கு ஆம், வயிற்றுப்பாட்டிற்கு உழைப்பார்க்கும் கடன்பட்டார்க்கும் ஆமோ?" என்று வினவுவாரும் உளர். வினா நேரியதே. ஆயின், ஆனாயர் இடையர். திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுப்பவர். திருநீலகண்டர் மண்கலம் வனைபவர். தொழிலை விடுத்து எவரும் அடியாராகவில்லை. தொழிலே அவர்க்கு வழிபாடாயிற்று. கொடிக்காலில் உழைப்பவர் ஒவ்வொரு கொடியையும் அகத்தியோடு சேர்த்துக் கட்டுகின்றார். இறுகக் கட்டின் தண்டு நசுங்கும். நெகிழக் கட்டின் கொடி சாயும். அவர் விரல் அவ்வளவினை அறியும். அவ்விரலில் உள்ள கவனம் நம் வழிபாட்டில் இருப்பின் அது பெரும்பேறாம். காண்டலுக்குத் தனியே பொழுது வேண்டா; செய்கின்ற செயலினுள் உயிர் புகுதலே வேண்டும்.

இனி, இன்பமான காட்சியை மட்டும் தேடுதல் இந்நெறியன்று. நோயுற்ற தாயின் படுக்கையருகில் இரவெல்லாம் விழித்திருக்கும் மகள் இருக்கின்றாள். மூச்சு ஏறுவதும் இறங்குவதுமே அவள் காணும் காட்சி. அதில் அழகு எங்கே என்பீர். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என இறைவன் தொழில் ஐந்தனுள் மறைத்தலும் ஒன்று. அதுவும் அருளின் வேறன்று என்பது நம் கொள்கை. அவன் காட்டும்பொழுது உடன் காண்பதுபோல, மறைக்கும்பொழுதும் உடன் இருக்கின்றான். அவள் தன் துயரத்தை எண்ணாது அம்மூச்சினையே நோக்கியிருக்கும் கணத்தில், அவ்வறையில் இருவர் இல்லை, மூவர் உளர். இதனை அவள் உணரின் துயரம் ஒழியும் என்று யான் கூறேன். தனிமை ஒழியும்.

இந்நெறி அனைத்தையும் ஐந்தெழுத்தினுள் அடக்கித் தந்தனர் நம் பெரியோர். சிகரம் சிவம், வகரம் அருள், யகரம் உயிர், நகரம் மறைப்பாற்றல், மகரம் மலம். உயிராகிய யகரம் நடுவே நிற்கின்றது. அதன் ஒருபால் அருளும் சிவமும்; மற்றொருபால் மறைப்பும் மலமும். இருபாலும் எட்டிய தொலைவில் இல்லை, அடுத்தே உள்ளன. முகம் திருப்புதல் ஒன்றே வேண்டுவது. ஒரு நாளில் அத்திருப்பம் எத்துணை முறையும் நிகழலாம்.

ஆகலின் அன்பர்களே, நாளையே தொடங்குமின். திருநீறு இடுங்கால் அதன் தண்மை நெற்றியில் உறுவதனை அறிந்து இடுமின். நீர் பருகுங்கால், மலையிற் பிறந்து ஆறாகி நும் கைக்கு வந்த நீர் என்பதனை நினைந்து பருகுமின். நீரும் அவன் எட்டு மூர்த்தங்களுள் ஒன்று. அந்திவிளக்கு ஏற்றுங்கால், திரியில் சுடர் பற்றும் அக்கணத்தினை விட்டு மனம் வேறிடம் போகாது நிற்குமின். மூன்றும் ஒரு நாழிகைக்குள் அடங்குவன. மூன்றிலும் ஐந்தெழுத்து நும் உள்ளத்தில் ஒலிக்கட்டும். இரவு படுக்கைக்குச் செல்லும்போது, "இன்று என்ன கண்டாய்?" என்னும் வினாவிற்குக் கூற மூன்றேனும் உளவாகும். நாளடைவில் மூன்று முப்பதாகும். பின்னர் எண்ணுதல் ஒழியும்.

காட்டுவானும், உடன் காண்பானும், காணப்படும் உலகினுள் நிறைந்து நிற்பானும் ஆகிய அம்மையப்பன் திருவடிகளை வாழ்த்தி அமைகின்றேன்.

சிவம்.