குழந்தைக் காப்பகமும் கொல்லாமை விரதமும்

இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதங்கள் ஐந்தனுள் முதலாவது கொல்லாமை. நம் குடும்பங்களில் இவ்விரதம் பெரும்பாலும் அடுக்களையில் தொடங்கி அடுக்களையிலேயே முடிந்துவிடுகிறது. நீரை வடிகட்டி அருந்துகிறோம். புலாலும் முட்டையும் தேனும் விலக்குகிறோம். கதிரவன் மறையுமுன் உணவை முடித்துக்கொள்கிறோம். இவை யாவும் போற்றத்தக்கனவே. ஆயினும், ஒரு சிறு குழந்தையைப் பகற்பொழுதில் யாரிடம் ஒப்படைப்பது என்னும் கேள்வி எங்கள் இல்லத்தில் எழுந்தபோது, என் விரதம் அடுக்களையின் நிலைப்படியைத் தாண்டவே இல்லை என்பதை நான் உணர நேர்ந்தது. அதனை மறைக்காமல் எழுதுவதே இளந்தாய்மார்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

மகனும் மருமகளும் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து நாள்தோறும் தஞ்சைக்குப் பேருந்தில் சென்று பணிபுரிபவர்கள். இரண்டு வயதுப் பேரனின் பின்னே ஓட என் முழங்கால்கள் இடந்தரவில்லை. எங்கள் முன் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று தனியார் காப்பகம். பளிங்குபோன்ற தரை, சுவரெங்கும் எழுத்துகள், முட்டையின் வாடையே இல்லாத சைவச் சமையல். மற்றொன்று அங்கன்வாடி, ஊரார் இன்றும் அதனைப் பால்வாடி என்றே அழைக்கின்றனர். அங்கே வாரத்தில் சில நாட்கள் முட்டை வழங்குவர். மருமகள் தயங்கினாள். நானோ, ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்றவள் என்னும் உரிமையோடு, “முட்டை வேகும் இடத்தில் நம் குழந்தை உட்கார வேண்டாம்” என்று தீர்ப்புரைத்துவிட்டேன்.

மூன்றாம் மாதம் முதல் குழந்தை இரவில் திடுக்கிட்டு எழலானான். அந்தத் தெருவின் முனையை நெருங்கினாலே என் புடவைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஒருநாள் நண்பகலில், முன்கூட்டிச் சொல்லாமல் சென்றேன். குழந்தைகள் சுவரோரமாக வரிசையில், ஓசையின்றி அமர்ந்திருந்தனர். ஓயாது அழுத ஒரு பெண்குழந்தையை “பூச்சாண்டி அறை” என்று பெயரிட்ட இருட்டறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தனர். என் பேரன் என்னைக் கண்டான். அழவுமில்லை, ஓடி வரவுமில்லை. எழலாமா என்று கேட்பதுபோல ஆயாவின் முகத்தைப் பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் இரண்டு குவளை நீரை நிறுத்தாமல் குடித்தான். துணியை நனைப்பார்கள் என்பதற்காக, காலை முதல் குழந்தைகளுக்கு நீர் கொடுப்பதில்லையாம்.

அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தது தத்துவார்த்த சூத்திரம். கொல்லாமை விரதத்துக்கு மாசு சேர்க்கும் அதிசாரங்கள் ஐந்து என்று அந்நூல் வகுக்கிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகையான பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். பெரும்பாலும் ஆடுமாடுகளையும் ஏவலரையும் மனத்திற் கொண்டே இவற்றுக்கு விளக்கம் கூறுவது வழக்கம். ஆனால் வாய்திறந்து முறையிட இயலாத உயிர் எதுவோ அதற்கெல்லாம் இவை பொருந்தும். இரண்டு வயதுக் குழந்தையும் அத்தகைய உயிரே.

இருட்டறையில் அடைப்பது கட்டிவைத்தலின் வேறு பெயர். நீரை மறுப்பது ஐந்தாவது அதிசாரம். அதற்கு விளக்கமே வேண்டியதில்லை. சைவ உணவு என்னும் ஒரே தகுதியைக் கண்டு நான் தேர்ந்தெடுத்த இடத்தில், கொல்லாமையின் ஐந்து மாசுகளுள் இரண்டு நாள்தோறும் நிகழ்ந்துகொண்டிருந்தன.

மிகையான பாரம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பேச்சே முழுமையாக வராத குழந்தையின்மீது இருமொழி எழுத்துகளை ஏற்றுவது பாரமன்றி வேறென்ன? மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில் தொடங்கிய ‘குழந்தைகள் இல்லம்’, வேலைக்குச் செல்லும் ஏழைப் பெற்றோரின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டதே ஆகும். குழந்தையின் கைக்கேற்ற பொருள்களை அருகில் வைத்துவிட்டு, அது தானே எடுத்துச் செய்யும்வரை பெரியவர் காத்திருக்க வேண்டும் என்பது அவர் முறை. 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் நெறியை ஏட்டில் படித்துத் தேர்வெழுதிய நான், சுவரில் எழுத்துகளைக் கண்டவுடன் மகிழ்ந்துபோனேன் என்பதே என் வெட்கம்.

அதிசாரங்களுக்கு அப்பால் இன்னொன்றும் உண்டு. இம்சைக்கு வேர் பிரமாதம், அதாவது விழிப்பின்மை என்பது நம் ஆசாரியர்களின் முடிபு. கொல்ல வேண்டும் என்னும் எண்ணம் இல்லாமலேயே உயிர்கள் மாய்வது இதனால்தான். 2004 ஜூலை 16 அன்று நம் தஞ்சை மாவட்டத்துக் கும்பகோணத்தில், பள்ளியொன்றின் சமையற்கூடத்து நெருப்பு கீற்றுக் கூரையைப் பற்றி 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. ஒருவரும் அக்குழந்தைகளைக் கொல்ல நினைக்கவில்லை. கூரையையும் அடுப்பையும் படிக்கட்டையும் யாரும் விழிப்போடு பார்க்கவில்லை, அவ்வளவே. காவிரியும் குடமுருட்டியும் பிரியும் நம் ஊரில் இவற்றோடு வாய்க்காலையும் மூடாத கிணற்றையும் வாசற்கதவின் தாழ்ப்பாளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்ப்பதும் விரதத்தின் பகுதியே.

“தாய் வீட்டில் இருந்தால் இத்துன்பம் ஏன்?” என்று கேட்கும் மூத்தோர் நம்மில் உண்டு. அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுவேன். நம் வயல்களில் நடவு நட்ட பெண்கள் தம் கைக்குழந்தைகளை எங்கே விட்டனர்? வரப்போரத்து மரத்தில் தூளி கட்டி, ஏழெட்டு வயது அக்காளைக் காவல் வைத்தனர். நடவுக் காலத்தில் வருகைப் பதிவேட்டில் அந்தச் சிறுமியின் பெயருக்கு நேரே நான் ‘வரவில்லை’ என்று குறித்துக்கொண்டேயிருந்தேன். அவர்கள் நட்ட நெல்லை நாம் உண்டோம்; அப்போது எவரும் தாய்மையைப் பற்றி வாதிடவில்லை. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகளும், 1982 ஜூலையில் தமிழகத்தில் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் அத்தகைய குழந்தைகளுக்கு ஒரு கூரையையும் ஒருவேளைச் சோற்றையும் அளித்தன. அந்த அக்காள்மார் பலர் பள்ளிக்குத் திரும்பவும் அவை வழிசெய்தன.

மறுவாரம் பால்வாடிக்குச் சென்றேன். திண்ணையருகே இரு குழந்தைகள் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தன. ஒன்று பணியாளரின் மடியில் உறங்கிற்று. முட்டையைப் பற்றித் தயக்கத்துடன் கேட்டேன். அந்த அம்மையார், “டீச்சரம்மா, உங்க புள்ளைக்குத் தட்டு தனியா வெச்சுக்கறேன். முட்டை தர்ற நாள்ல நீங்க வாழைப்பழம் குடுத்து அனுப்புங்க. ஆனா புள்ளைய மட்டும் தனியா உட்கார வெக்க மாட்டேன், ஏங்கிப் போயிடும்” என்றார்.

உண்மையில், தனியே அமர்த்துங்கள் என்று கேட்கவே நான் சென்றிருந்தேன். அந்தச் சொல் என் வாயில் எழவில்லை. முட்டையைப் பற்றிய என் கொள்கை மாறவில்லை, மாறவும் மாறாது. ஆனால் என் குழந்தையின் தட்டு தூய்மையாக இருந்தால் போதும். அடுத்த குழந்தையின் தட்டை அருவருக்க அவனுக்குக் கற்பிப்பது கொல்லாமையின் பாற்படாது என்று அன்று தெளிந்தேன். பால்வாடி பிற்பகலில் முடிந்துவிடும். அதன்பின் மாலைவரை அவன் என்னிடம் இருப்பான். கதிரவன் மறையுமுன் அவன் உணவை நானே ஊட்டினேன். எனக்கு எஞ்சியிருந்த வலிமைக்கு அது போதுமானதாக இருந்தது.

காப்பகம் தேடும் பெற்றோருக்கு என் அனுபவம் கூறுவது இதுதான். சேர்க்கும் நாளில் மட்டுமன்றி, வேறொரு நாள் நண்பகலிலும் சொல்லாமல் செல்லுங்கள். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் செய்த திருத்தம், ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள் காப்பக வசதி அளிக்க வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்றும் விதித்தது. தாய் வந்து காண்பதைச் சட்டமே உரிமையாகக் கருதியிருக்க, உள்ளே வராதீர்கள் என்று கூறும் இடத்தில் குழந்தையை விடாதீர்கள். உங்கள் குழந்தையை அவர்கள் கொஞ்சுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். அங்கே மிகவும் எளிய வீட்டுக் குழந்தை எது, மூக்கு ஒழுகி ஓயாமல் அழும் குழந்தை எது என்று கண்டு, அதனை எவ்வாறு நடத்துகின்றனர் என்று பாருங்கள். ஆயாவின் கையில் தனியே பணம் கொடுத்து நம் குழந்தைக்கு மட்டும் அன்பை வாங்க முயல்வதும் தவறு. பிற குழந்தைகளுக்குரிய பங்கைக் கவர்வதே அது. கொடுப்பதாயின் அவருடைய ஊதியம் உயரக் குரல் கொடுங்கள்.

நம் முன்னோர் முனிவர்களின் உறைவிடத்தைப் பள்ளி என்றனர். கற்குமிடத்துக்கும் அப்பெயரே நிலைத்தது. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நான்கு தானங்களும் நம் அறத்தில் போற்றப்படுகின்றன. ஒரு காப்பகத்தில் முதல் மூன்றும் இருக்கின்றனவா என்று நாம் தவறாமல் கேட்கிறோம். நான்காவதாகிய அபயதானம் இருக்கிறதா என்பதைக் கேட்டு அறிய முடியாது. குழந்தையின் முகத்தில்தான் பார்க்க வேண்டும். என் பேரன் பால்வாடியில் சேர்ந்த இரண்டாம் வாரம், நான் அழைக்கச் சென்றபோது யாருடைய முகத்தையும் பாராமல் ஓடிவந்து, கையிலிருந்த மண்ணை என் புடவையில் துடைத்தான்.

அறம் வளர்க!