கோலிக் குண்டும் குலத்தொழிலும்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்கும் பழமொழி நம் வீடுகளில் நெடுங்காலமாக உலவி வருகிறது. பிள்ளையின் கையில் பம்பரத்தைக் கண்டால் போதும், பெரியவர் வாயில் அது வந்து நிற்கும். வளையுமா என்று கேட்கிறார்களே தவிர, எந்த வடிவத்துக்கு வளைய வேண்டும், எவருடைய கைக்கு வளைய வேண்டும், வளைக்கும் உரிமையை வழங்கியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

குழந்தைப் பருவம் விளையாட்டுக்கு உரியதா, பிழைப்புக்குப் பழகுவதற்கு உரியதா? இது வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய சிறு விவகாரம் என்று கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு சமுதாயம் தன் அநீதிகளை அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்கும் இடம் எது என்று தேடிச் சென்றால், அந்தத் தேடல் இந்த வினாவின் வாயிலில்தான் வந்து முடியும்.

தமிழ் இலக்கியம் குழந்தைக்கென்றே ஒரு வகை கண்டது. பிள்ளைத்தமிழில் பருவங்கள் பத்து. சப்பாணி கொட்டுவதும் அம்புலியை அழைப்பதும் இரு பாலுக்கும் பொது. ஆண் பிள்ளைக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். பெண் பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். பத்திலும் தேடிப் பாருங்கள்: தறி இல்லை, கலப்பை இல்லை, சம்மட்டி இல்லை. குழந்தையென்றால் விளையாட வேண்டும் என்பதை நம் புலவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஆனால் யார் வீட்டுக் குழந்தை? பாட்டுடைத் தலைவர்கள் பெரும்பாலும் கடவுளர், காவலர், சமயப் பெரியோர். அரண்மனைப் பிள்ளை உருட்டிய சிறுதேரைப் பாடினார்கள். அந்தத் தேரைச் செதுக்கிய தச்சரின் மகன் கையில் என்ன இருந்தது என்று பாட எவரும் முன்வரவில்லை.

"உழைப்பு இழிவா? தந்தையின் தொழிலை மகன் அறிவது குற்றமா?" என்று சிலர் சீறுவர். இழிவன்று, குற்றமுமன்று. காந்தியார் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலைக் கல்வியின் நடுவிலேயே வைத்தது. மரமும் மண்ணும் நூலும் எல்லாப் பிள்ளைகளின் விரல்களுக்கும் பழக்கமாவது நல்லதே. நீதிபதியின் மகன் பானை வனையட்டும், குயவரின் மகள் சட்டம் பயிலட்டும். அங்கே உழைப்பு கல்வியாகிறது. குயவரின் மகன் மட்டும் பானை வனையட்டும் என்றால், அங்கே உழைப்பு தண்டனையாகிறது. அவன் செய்த குற்றம், பிறந்தது ஒன்றே.

சென்னை மாநிலத்தில் 1953இல் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் இந்த வேறுபாட்டை வெட்டவெளிச்சமாக்கியது. கிராமப் பள்ளிகளில் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமாக இருந்த படிப்பு மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய பொழுதில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். இரண்டு முறையாகப் பள்ளி நடந்தால் கூடுதல் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்று அரசு காரணம் காட்டியது. காரணம் எதுவாயினும் விளைவு என்ன? பெற்றோரின் தொழில் என்பது இந்நாட்டில் சாதியின் மறுபெயராக இருந்தது. ஆகவே மக்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டினர். பெரியாரும் அண்ணாவும் போர்க்கொடி தூக்கினர். ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954இல் இராசகோபாலாச்சாரியார் பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், அதே ஆண்டில் திட்டம் கைவிடப்பட்டது.

படிப்பு நேரம் பறிபோனது எல்லார் கண்ணிலும் பட்டது. கண்ணில் படாத இழப்பு ஒன்றும் அத்திட்டத்தில் இருந்தது: பள்ளி விட்டபின் தெருவிலும் திடலிலும் கழியும் மாலைப் பொழுது. அதையும் தொழில் எடுத்துக்கொண்டது. படிப்பைப் பறித்தது கொடுமை என்றால், விளையாட்டைப் பறித்ததும் கொடுமையே என்கிறோம். ஏன்?

சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாசே, குழந்தைகள் கோலி விளையாடுவதை ஆராய்ந்தார். அவர்களோடு தாமும் ஆடி, இந்த விதிகளை வகுத்தவர் யார், இவற்றை மாற்றலாமா என்று கேட்டார். சின்னஞ்சிறார், விதிகள் பெரியவர்களிடமிருந்தோ கடவுளிடமிருந்தோ வந்தவை, மாற்றக் கூடாதவை என்றனர். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளோ, விதி என்பது ஆடுவோர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு, எல்லாரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்ற தெளிவுக்கு வந்திருந்தனர். இந்த ஆராய்ச்சியைப் பியாசே 1932இல் நூலாக வெளியிட்டார். ஒத்த வயதினர் ஒருவரோடொருவர் சமமாகப் பழகுவதே பிள்ளைகளை அந்தத் தெளிவுக்கு அழைத்துச் செல்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

தோழர்களே, இதைவிடச் சிறந்த பகுத்தறிவுப் பாடம் எந்தப் பாடநூலில் இருக்கிறது? புனிதம் என்று சொல்லப்பட்ட விதி மனிதர் வகுத்தது. மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றலாம். சாத்திரத்தை எதிர்த்து நாம் மேடையேறிச் சொல்வதைப் பத்து வயதுச் சிறுவன் புழுதியில் குந்தி, கோலிக் குண்டைச் சுண்டியபடியே கற்றுக்கொள்கிறான். பட்டறையில் விதி மேலிருந்து வருகிறது. ஏன் என்றால் அடி வருகிறது. ஆட்டத்தில் விதி பக்கத்திலிருந்து வருகிறது. ஏன் என்றால் பேச்சு வருகிறது. அரசன் யார், அமைச்சன் யார், திருடன் யார் என்பதை அங்கே பிறப்பு தீர்ப்பதில்லை, குலுக்கிப் போட்ட சீட்டு தீர்க்கிறது. இன்றைய திருடன் நாளைய அரசன். விளையாட்டைச் சீக்கிரம் முடித்துவைக்கும் சமுதாயம், விதி கடவுளிடமிருந்து வந்தது என்று நம்பும் பருவத்திலேயே பிள்ளையைப் பிடித்து நுகத்தில் பூட்டிவிடுகிறது. பூட்டியவர்களுக்கு அதனால் வரும் வசதியை விளக்கவும் வேண்டுமோ?

விளையாட்டுக்கு நாம் புனிதம் கற்பிக்கவில்லை. ஊர்த் தெருப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒரே திடலில் ஆட விடாத ஊர்களை நாம் அறிவோம். சிறுமியின் கையில் சொப்புச் சாமான்களைக் கொடுத்து, ஆட்டத்திலேயே அடுப்பங்கரைக்கு ஆள் சேர்க்கும் தந்திரத்தையும் அறிவோம். அந்த ஆட்டமும் அவளுக்கு நீடிப்பதில்லை. தம்பி பிறந்ததும் அவள் இடுப்பு தொட்டிலாகிவிடுகிறது. அண்ணன் திடலில் ஓட, அவள் திண்ணையில் நின்று பார்க்கிறாள். ஆகவே நாம் கோருவது விளையாட்டு மட்டுமன்று, எல்லாப் பிள்ளைகளும் கலந்தாடும் விளையாட்டு.

"வயிறு பசிக்கும்போது விளையாட்டு பேசலாமா?" என்ற கேள்வி எஞ்சுகிறது. நேர்மையான கேள்வி, நேராகவே விடையளிப்போம். பிள்ளையின் மலிவான கை கிடைக்கும்வரை தந்தையின் கைக்கு நியாயமான கூலி கொடுக்க முதலாளி ஏன் முன்வருவான்? பிள்ளையின் உழைப்பு வறுமையைத் தீர்ப்பதில்லை, அதை நிலைநிறுத்துகிறது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் வாடிய சிறார் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தபோது, சட்டத்தை மீறி வேலை வாங்கிய முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது; பிள்ளைக்கு மாற்றாக அக்குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு வேலை தேடித் தர அரசு முயல வேண்டும் என்றும் கூறியது. பசிக்கு மருந்து பெரியவருக்கு வேலை. சிறுவனுக்கு வேலை அன்று.

அத்துடன் முடிந்ததா கதை? குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. பதினான்கு வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழில்களிலிருந்தும் விலக்கியது, வரவேற்கிறோம். ஆனால் அதே திருத்தம், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. பள்ளி நேரம் பள்ளிக்கு, மற்ற நேரம் குடும்பத் தொழிலுக்கு என்றால், விளையாட்டுக்கு எஞ்சிய நேரம் எது? ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு முழங்குகிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. ஏற்ற உரிமைக்கு மாலையில் ஒரு மணி நேரமேனும் வேண்டாமா?

மற்றொரு வீட்டையும் எட்டிப் பார்ப்போம். அங்கே தறியில்லை, உலையில்லை. விடியலில் தனிப்பயிற்சி, பகலில் பள்ளி, இரவில் நுழைவுத் தேர்வுக்குப் பாடம். மருத்துவரின் மகள் மருத்துவராகவே வேண்டும், பொறியாளரின் மகன் பொறியாளராகவே வேண்டும். கூலி உயர்ந்தது, கயிறு மாறவில்லை. குலக்கல்வியை வீழ்த்திய வரலாற்றைப் பெருமையோடு பேசும் தோழரின் வீட்டிலேயே, ஆறு வயதுக் குழந்தையின் மாலைப் பொழுது அட்டவணையில் அடைபட்டுக் கிடந்தால், அந்தப் பெருமைக்குப் பொருள் என்ன?

எதிர்காலம் என்ற பெயரில் நிகழ்காலத்தைப் பலி கேட்பதை நாம் நன்கறிவோம். மறுமையில் இன்பம் உண்டு, இம்மையில் பொறுத்துக்கொள் என்று ஏழைக்குச் சொன்னவர்கள் அதைத்தான் செய்தார்கள். வளர்ந்தபின் வாழலாம், இப்போது பழகு என்று குழந்தைக்குச் சொல்வதும் அதே வாதத்தின் சிறு வடிவமே. மறுமையை மறுக்கும் நாம், குழந்தையின் இம்மையை மறுக்கலாமா?

செய்ய வேண்டியவை நம் கைக்கு எட்டும் தொலைவில்தான் உள்ளன. ஊர்தோறும் எல்லாத் தெருப் பிள்ளைகளும் சேர்ந்தாடும் திடல் ஒன்றைக் காப்போம். படிப்பகம் நடத்தும் இளைஞர்கள் அதன் வாசலில் ஒரு பந்தையும் வைக்கட்டும். வீட்டு வேலையை ஆணும் பெண்ணும் பங்கிட்டுக்கொண்டு, திண்ணையில் நிற்கும் சிறுமியைத் திடலுக்கு அனுப்புவோம். தொழில் வரட்டும், அதற்குரிய வயதில், அவரவர் தேர்வில். அதுவரை பிள்ளைகள் ஆடட்டும். ஆட்டத்தின் விதி பிடிக்கவில்லையென்றால் கூடிப் பேசி மாற்றட்டும். அந்தப் பழக்கம் கைவந்த பிள்ளைகள் ஆட்டத்தின் விதியோடு நின்றுவிட மாட்டார்கள்.