பிள்ளையின் இரகசியம் யாருக்குச் சொந்தம்?



சென்ற ஞாயிறு பூசைக்குப் பின் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவர் மகனைப் பள்ளிக்கூடத்து ஆலோசகர் மூன்று முறை தனியே அழைத்துப் பேசியிருக்கிறார். பையன் என்ன சொன்னான் என்று விசாரித்ததற்கு, "அதை நான் வெளியிடலாகாது, ஆபத்தொன்றுமில்லை" என்று பதில் வந்ததாம். "பெற்றவனுக்குத் தெரியாத இரகசியமும் உண்டா, சாமி?" என்றார்.

நியாயமான கேள்விதான். பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் போதித்தது. ஆனால் அவ்வுரிமை எதற்காக அளிக்கப்பட்டது? பிள்ளையின் நன்மைக்காகவே. தான் சொல்வதெல்லாம் அன்று மாலையே வீட்டுக்கு எட்டுமென்று பயந்தால், பிள்ளை வாய் திறவான். அப்போது அவன் துன்பத்தை அறிந்தவர் ஒருவருமிரார். ஆகையால் இந்த இரகசியம் தகப்பனுக்கு விரோதமானதல்ல. அவர் நாடும் நன்மைக்கே உதவுகிறது.

ஆனால் அதற்கும் எல்லையுண்டு. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எக்காரணத்தைக்கொண்டும் வெளியிடக் கூடாது. மற்ற இரகசியங்கள் அப்படியல்ல. ஒருவனுக்குப் பெருந்தீங்கு நேரிடுமானால், இரகசியமாய்க் கேட்டதையும் தெரிவிக்கக் கடமையுண்டென்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் போதிக்கிறார். பிள்ளை தன் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணினால், ஆலோசகர் மௌனமாயிருப்பது பாவமாகும். யாராவது பிள்ளையைக் கெடுத்திருந்தால், அவன் சொந்த வீட்டாரேயானாலும், போலீசுக்கு அறிவிக்க வேண்டுமென்று 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டளையிடுகிறது. இவ்வெல்லைகளை ஆலோசகர் முதல் நாளே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். "எதையும் யாருக்கும் சொல்லமாட்டேன்" என்பது காப்பாற்ற முடியாத வாக்கு; பிள்ளையை ஏமாற்றுவதற்குச் சமம்.

அப்படியானால் பெற்றோர் என்ன செய்வது? "என் பிள்ளை என்ன சொன்னான்?" என்று கேட்பதை விட்டு, "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். இதற்குப் பதில் பெற உங்களுக்கு முழு உரிமையுண்டு. ஆலோசகரிடம் போகிறவனெல்லாம் பைத்தியக்காரன் என்ற பேச்சை வீட்டில் எடுக்காதீர்கள். ஆலோசகர் இல்லாத பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு 1098 என்ற எண்ணையும், மன வேதனைக்கு உதவும் 14416 என்ற எண்ணையும் சொல்லிக்கொடுங்கள். இரண்டுக்கும் கட்டணமில்லை.

சந்தோஷ தேவ இரகசியங்களில் ஐந்தாவதைத் தியானியுங்கள். பன்னிரண்டு வயதான சேசு பாலனைத் தாயும் வளர்த்த தகப்பனும் மூன்றாம் நாள் தேவாலயத்தில் கண்டடைந்தார்கள். அவர் சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை. ஆயினும் தேவமாதா மகனைத் துருவிக் கேளாமல், யாவற்றையும் தன் இருதயத்தில் வைத்துக் காத்தாள். அவரும் அவர்களுக்குக் கீழ்ப்படிந்து நசரேத்தூரில் வளர்ந்தார். விளங்காததைப் பொறுமையாய்த் தாங்குவதும் பெற்றோரின் அன்பே. தேடவேண்டிய மூன்று நாளும் தேடிவிட்டு, பிறகு காத்திருங்கள்.

உங்கள் பங்குக் குரு