மறைத்தலும் ஒரு தொழில்

எஞ்சின் கம்ப்யூட்டர் போன வண்டியோடு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "வேற போர்டு போட்டா வண்டி பழையபடியே இருக்குமுங்களா?" திருப்பூர் மங்கலம் சாலையில் என் கடை. துணி ரோல் ஏற்றிக்கொண்டு நிட்டிங்குக்கும் சாயப்பட்டறைக்கும் காம்பாக்டிங்குக்கும் நடுவே ஓடும் பிக்கப்புகள்தான் அதிகம் வரும். எந்த வண்டி வந்தாலும் கேள்வி மாறுவதில்லை. பழையபடியே இருக்குமா என்பதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். பழையபடியே இருக்கத்தான் வேண்டுமா என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி.

போன மழைக்காலத்தில் ஒரு ஸ்விஃப்ட் டீசல் வந்தது. 1248 சிசி, ஃபியட்டின் மல்டிஜெட் எஞ்சின். மாருதி, டாடா, ஃபியட் என்று மூன்று கம்பெனி வண்டிகளிலும் அதே எஞ்சின் ஓடிய காலம் ஒன்று இருந்தது. 2020 ஏப்ரலில் மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. வண்டிக்காரர் ஒரு நிட்டிங் யூனிட் நடத்தும் அண்ணா. கம்பெனி கொடுத்த 75 குதிரைத்திறன் பற்றாமல் வெளியூரில் ரீமேப் செய்து வாங்கியிருந்தார். டீசலைக் கூட்டி, டர்போ அழுத்தத்தை ஏற்றி, கழிவுப் புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வை மென்பொருளிலேயே அடைத்து எழுதிய ஃபைல் அது. "கால வெச்சா பறக்குமுங் தம்பி" என்பார். இப்போது கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் இறங்கி, பின்களெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன.

உக்கடத்தில் கழித்த வண்டிகளின் சாமான் கிடைக்கும். அதே ஹார்டுவேர் எண் கொண்ட போர்டு ஒன்றை எடுத்துவந்தேன். பழைய போர்டிலிருக்கும் ஃபிளாஷையும் ஈப்ராமையும் படித்துப் புதியதில் எழுத வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்னழுத்தம் சரிந்தால் போர்டு செத்துப்போகும். எழுதியது சரிதானா என்று பார்க்கும் செக்சம் தப்பினால் எஞ்சின் எழும்பாது. ஃபிளாஷில் இருப்பவை நிரலும் மேப்புகளும்: இந்த ஆர்பிஎம்முக்கு, இவ்வளவு காற்றுக்கு, இவ்வளவு டீசல் என்னும் அட்டவணைகள். ஈப்ராமில் இருப்பது வண்டியின் சொந்தக் கதை: சேசிஸ் எண், சாவியை அடையாளம் காணும் ரகசிய எண், ஓடி ஓடிக் கற்றுக்கொண்ட திருத்தங்கள். இப்படிப்பட்ட காமன்ரெயில் எஞ்சின்களில் இன்ஜெக்டர் குறியீடு என்று ஒன்றும் உண்டு. ஒரே தொழிற்சாலையில் செய்தாலும் ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருக்கும். அதை அளந்து, இன்ஜெக்டரின் தலையிலேயே எழுத்தாகவும் எண்ணாகவும் பொறித்துவிடுகிறார்கள். அந்தக் குறியீட்டைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லாவிட்டால் எஞ்சின் தட்டும், புகையும்.

"கம்ப்யூட்டருதானுங்களே வண்டிக்கு உசுரு" என்றார் அண்ணா. எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வதுதான். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆதீனத்தார் நடத்தும் சைவ சித்தாந்த வகுப்பில் சிவஞானபோதம் பாடம் கேட்டவன் நான். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய 12 சூத்திரங்களில் மூன்றாவது, உயிர் என்று ஒன்று உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. உடம்பை மாயையால் ஆன இயந்திரம் என்றே சொல்லி, அதற்குள் இருக்கும் உயிர் வேறு என்று காட்டுகிறது. 'என் உடம்பு' என்று சொல்கிறவன் உடம்பாக இருக்க முடியாது என்பது ஒரு காரணம். அறிவித்தால்தான் அறியும் என்பது இன்னொன்று. என் மேசைமேல் கிடக்கும் கம்ப்யூட்டரும் சென்சார் அறிவித்தால்தான் அறியும். ஆனால் அதற்கு 'என் எஞ்சின்' என்று சொல்லத் தெரியாது. அப்படிச் சொல்கிறவர் பனியன் துணியில் தைத்த சட்டையோடு என் எதிரே நின்றுகொண்டிருந்தார். ஆகவே அந்தப் பெட்டி உயிர் அல்ல. சைவர்கள் தனு, கரணம், புவனம், போகம் என்று பிரிப்பார்களே, அதில் கரணம். வினைக்கு ஏற்றபடி உயிருக்குக் கொடுக்கப்பட்ட கருவி. அந்த ரீமேப் ஃபைல் ஒரு மனிதரின் ஆசை, எண்களாக எழுதப்பட்டது.

கற்றுக்கொண்ட திருத்தங்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். பெட்ரோல் வண்டியில் இது தெளிவாகத் தெரியும். காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கேறினால் வருகிற காற்றைக் குறைத்துச் சொல்லும். பெட்ரோல் பற்றாமல் போகிறதென்று ஆக்சிஜன் சென்சார் முறையிடும். கம்ப்யூட்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்து, அதையே பழக்கமாக்கிக்கொள்ளும். பிறகு சென்சாரை மாற்றிவிட்டு அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவைத்தால், நல்ல சென்சாரோடு எஞ்சின் தேவைக்கு மேல் குடித்துக் கறுக்கும். காயம் ஆறிய பின்னும் நொண்டி நடக்கிற மனிதர்களை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? சில கம்ப்யூட்டர்களில் பேட்டரியைக் கழற்றினாலே இந்தப் பழக்கம் அழியும். சிலவற்றில் ஈப்ராமில் தங்கிவிடும். நாம்தான் அழிக்க வேண்டும்.

இதை அண்ணாவிடம் சொன்னபோது அவர் உடனே பிடித்துக்கொண்டார். "எங்க மிஷின்லயும் அப்படித்தானுங். ஒரு மிஷின் புல்லி நம்பர அப்படியே இன்னொண்ணுல வெச்சா துணி எடை, ஜிஎஸ்எம், வராது. நூலு மாறினா மறுபடி மொதல்ல இருந்து வெச்சுப் பாக்கோணும்."

பழையதை அழித்து முதலிலிருந்து தொடங்குவது என்றதும் வகுப்பில் கேட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. இறைவனுக்கு ஐந்தொழில் என்கிறோம்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். மற்ற நான்கும் பாடம் கேட்டதுமே புரிந்தன. மறைத்தல் மட்டும் எனக்கு வெகுகாலம் உறுத்தியது. உண்மையை ஒளித்துவைப்பது எப்படி அருளாகும்? முற்பிறவியில் எனக்குத் தீங்கு செய்தவன் இப்பிறவியில் என் பிள்ளையாக வந்திருந்தால், அது எனக்குத் தெரிந்திருந்தால், நான் அவனைத் தூக்கிக் கொஞ்சுவேனா? பழைய கணக்கு கண்ணில் படாமல் இருப்பதால்தான் அன்பு செலுத்தி அந்தக் கணக்கைத் தீர்க்க முடிகிறது. மறதி இல்லாமல் ஒரு புது உடம்பு எதற்கும் உதவாது.

திருமூலர் கதையில் இதே தொழில் நடக்கிறது. கயிலையிலிருந்து வந்த சிவயோகியார், காவிரிக் கரையில் சாத்தனூர் இடையன் மூலன் இறந்து கிடப்பதையும், பசுக்கள் அவனைச் சுற்றிக் கதறுவதையும் பார்க்கிறார். தம் உடம்பை ஓரிடத்தில் பாதுகாப்பாக வைத்துவிட்டு அவன் உடம்புக்குள் புகுகிறார். பசுக்களை ஊரில் சேர்த்துவிட்டு வந்து தேடினால் வைத்த உடம்பைக் காணவில்லை. சிவன் அதை மறைத்துவிட்டார் என்கிறது பெரியபுராணம். அது கிடைத்திருந்தால் யோகி தம் பயணத்தைத் தொடர்ந்திருப்பார். கிடைக்காததால்தான் ஆவடுதுறை அரச மரத்தடியில் அமர்ந்தார். ஆண்டுக்கு ஒரு பாடலாகத் திருமந்திரம் 3000 தமிழுக்கு வந்தது என்பது மரபு.

எங்கள் பக்கத்து ஊரான அவிநாசியில் சுந்தரர் பதிகம் பாடியதும் முதலை விழுங்கிய பிள்ளை திரும்பி வந்தான். இடையில் கழிந்த ஆண்டுகளுக்குரிய வளர்ச்சியோடு வந்தான். முதலை வயிற்றுக்குள் கழிந்த நாட்கள் அவனுக்கு நினைவிருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. வளர்ச்சி மட்டும் வந்தது போதும் என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே வேலையைப் பொறுத்தவரை எனக்குக் குழப்பமில்லை. சாவி எண்ணும் சேசிஸ் எண்ணும் கூடவே வர வேண்டும். அவை இல்லாவிட்டால் வண்டி தன் வீட்டையே அறியாது. இன்ஜெக்டர்கள் பழையவைதான், ஆகவே அவற்றின் குறியீடும் வர வேண்டும். கற்றுக்கொண்ட திருத்தங்கள் போகட்டும். அந்த ரீமேப் ஃபைல்?

அதில் இருக்கும் புகை அண்ணாவோடு நிற்பதில்லை. நொய்யல் ஆற்றில் சாயம் கலந்த கதையைத் திருப்பூரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆற்றில் இறங்கியது எதுவும் இறக்கியவன் வாசலோடு நிற்காது என்று அனுபவித்து அறிந்த ஊர் இது. அப்படியிருக்க, ஒரு போர்டு இறந்து அதன் இடத்துக்கு இன்னொன்று வந்திருக்கும் நேரத்தில், பழைய புகையை நானே என் கையால் திரும்ப எழுதுவது எனக்கு ஆகாது. மறுபிறவியின் பயன், முன்பு செய்ததை அப்படியே செய்யாமல் விட ஒரு வாய்ப்பு என்று நான் நம்புகிறேன்.

அந்த ஃபைல் படிக்க வரவில்லை என்று ஒரு பொய் சொன்னால் வேலை முடிந்தது. ஆனால் மறைத்தல் என் தொழில் அல்ல. எல்லாம் அறிந்தவன் மறைத்தால் அருள். பாதி அறிந்த நான் மறைத்தால் வஞ்சனை. கம்பெனி மேப்பை எழுதி வண்டியை எழுப்பினேன். அவருடைய ஃபைலைப் பென்டிரைவில் போட்டுக் கையில் கொடுத்து, மூலன் கதையோடு காரணத்தைச் சொல்லி, "ஒரு மாசம் இதுல ஓட்டிப் பாருங்ணா. அப்புறமும் அதுதான் வேணும்னா வேற எடத்துல எழுதிக்குங்க. எங்கிட்ட வேண்டாமுங்" என்றேன்.

அவர் பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மேப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கேட்டது வேறு. "ஏனுங் தம்பி, அந்த மூலன் சம்சாரம் என்னாச்சு?"

பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்வதைச் சொன்னேன். வீட்டுக்கு வராத கணவனைத் தேடி வந்தாள். தமக்கும் அவளுக்கும் உறவில்லை என்று அவர் சொல்லிவிட்டார். இரவெல்லாம் உறங்காமல் இருந்து மறுநாள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டாள். அவர்கள் வந்து அவருடைய யோக நிலையைக் கண்டு, இனி இவர் உங்கள் உறவுக்கு எட்டாதவர் என்றார்கள். மயங்கி நின்றவளைப் பக்கத்திலிருந்தவர்கள் அழைத்துப் போனார்கள்.

"அப்பொறம்?"

"அதுக்கு மேல அவளப் பத்தி இல்லீங்ணா."

"அது நாயமில்லீங்களே" என்றார். எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. வகுப்பில் ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.